அடுப்படியில ஒரு மரத்தரை

"அடுப்படியில மரத்தரையா? கிறுக்கா ஓய் உமக்கு?"

எங்க ஊர் டீக்கடையில எனக்குக் கிடைச்ச முதல் ஆசீர்வாதம் இதுதான். அடுத்து தங்கமணி, அதுக்கடுத்து அண்ணன், கடைசியா மரவேலை பண்ண வந்த ஆசாரி அண்ணாச்சி. எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், குரல் மட்டும் வேற வேற. அம்மா மட்டும் அதைக் கேக்கல. அம்மா கேட்டது, "அப்பொ எப்பிடிக் கழுவுறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒண்ணரை வருஷம் ஆச்சு. நடுவுல ஒரு தடவை தரையை முழுசாப் பிரிச்சு மறுபடியும் போட வேண்டியதாப் போச்சு. யாராவது இந்த வேலையில இறங்கப் போறீங்கன்னா நான் பட்டது உங்களுக்காவது பிரயோசனப்படட்டும்னுதான் எழுதுறேன்.

எங்க ஊர் பண்பொழி. செங்கோட்டை, தென்காசிக்குப் பக்கம். அடுப்படி ஜன்னலைத் திறந்தா திருமலைக் குமாரசாமி கோயில் மலை தெரியும். ஜூன் மாசம் பொறந்தா மேற்கே மேகம் இறங்கும். ஆரியங்காவு கணவாய் வழியா காத்து வரும், கூடவே சாரலும் வரும். குற்றாலத்துல அருவி விழுதுன்னு நீங்க எல்லாம் வேன் பிடிச்சு வர்ற அதே சீசன்தான். உங்களுக்கு அது குளியல். எங்களுக்கு அது மூணு மாசம் துணி காயாத காலம். உப்பு ஜாடியில தண்ணி கோக்கும். கதவு உப்பிக்கிட்டு மூடாது. தீப்பெட்டியை அடுப்புப் பக்கத்துலயே வெச்சாதான் பத்தும்.

இன்னொண்ணும் நடக்கும். தரை வேர்க்கும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க அடுப்படி காவித்தரை. சிமெண்ட்ல செங்காவி கலந்து தேய்ச்சு, வருஷக்கணக்கா கால் பட்டுப் பட்டுப் பளபளன்னு ஆனது. அதுக்கும் முன்னால சாணி மெழுகுன தரைன்னு அம்மா சொல்லுவாங்க. ஓரத்துல ஒரு அங்கணம் இருந்துச்சு. அங்கணம்னா தெரியாதவங்களுக்கு: அடுப்படி மூலையில தரையை விடக் கொஞ்சம் பள்ளமா, கல்லு பாவி, வெளியே தண்ணி போக ஒரு துவாரம் வெச்ச இடம். பாத்திரம் கழுவுறது, அரிசி களையுறது, கை கழுவுறது எல்லாம் அங்கதான்.

நான் சம்பாதிக்க ஆரம்பிச்சதும் செஞ்ச முதல் புரட்சி, அந்தக் காவித்தரையை ஒடைச்சு விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டது. அங்கணத்தையும் மூடிட்டு மேடையில ஸ்டீல் சிங்க் வெச்சேன். "மாடர்ன் கிச்சன்" இல்லையா! அம்மா ஒண்ணும் சொல்லல. டைல்ஸ் வழவழன்னு இருக்குன்னு மட்டும் சொன்னாங்க. நான் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

ஐஸ் தண்ணி டம்ளரோட வெளிப்பக்கம் வேர்க்கும் பாருங்க, அதே கதைதான் சாரல் காலத்துல அந்த டைல்ஸுக்கும். வெளியில இருந்து வர்ற ஈரக்காத்து குளுந்த டைல்ஸ் மேல பட்டதும் தண்ணியாப் படியும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். பழைய காவித்தரையும் வேர்க்கத்தான் செய்யும். ஆனா அதுல கொஞ்சம் சொரசொரப்பு இருந்துச்சு, கால் பிடிச்சுக்கும்.

ஒரு ஆகஸ்ட் மாசம் காலையில அம்மா சிங்க் முன்னால வழுக்கி விழுந்தாங்க. கையை ஊணுனதுல வலது மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. வீட்டுல வேற ஆள் இல்ல. அப்பா போய் ஏழு வருஷம் ஆச்சு. நான் சென்னையில ஆபீஸ்ல. பக்கத்து வீட்டு அக்கா பால் வாங்க வந்ததுனால தெரிஞ்சுது, இல்லேன்னா எவ்வளவு நேரம் அங்கயே கெடந்திருப்பாங்களோ தெரியாது. அன்னிக்கு ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஒக்காந்து வர்றப்ப நான் கணக்குப் போட்டது ஒண்ணே ஒண்ணுதான். அந்த டைல்ஸைத் தேர்ந்தெடுத்தது யாரு?

மாவுக்கட்டு பிரிக்கிற வரைக்கும் சென்னையில எங்க வீட்டுல இருந்தாங்க. அண்ணன் சொன்னான், "இனிமே ஊர் வேண்டாம், இங்கயே இருக்கட்டும்." அம்மா ஜன்னல் பக்கமா ஒக்காந்து எதிர் அபார்ட்மெண்ட் சுவரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. தங்கமணியோட அடுப்படிக்குள்ள போறதுக்குக்கூட, "வரலாமா"ன்னு கேட்டுட்டுத்தான் போவாங்க. தங்கமணியே என்கிட்ட வந்து, "அத்தை இப்பிடிக் கேக்கறது எனக்கு நல்லாவே இல்லை. அவங்களை அவங்க அடுப்படிக்கே அனுப்பிடுங்க. ஆனா அந்தத் தரையை மாத்திட்டு அனுப்புங்க"ன்னா.

சரி, எதை வெச்சு மாத்துறது? சொரசொரப்பு டைல்ஸ் போடலாம், ஆனா அதுவும் குளுரும், விழுந்தா எலும்புக்கு அதுவும் பாறைதான். ரப்பர் பாய் விரிக்கலாம். விரிச்சோம். ஓரம் சுருண்டு அதுலயே கால் தடுக்குச்சு. மறுபடி காவி போடலாம்னு பாத்தா அந்தப் பதத்துல தேய்க்கிற கொத்தனார் இப்போ கிடைக்கல.

அப்போதான் தொழுவத்துல கெடந்த பலகைங்க ஞாபகம் வந்துச்சு.

ஆச்சி வீடு, அதாவது அம்மாவைப் பெத்தவங்க வீடு, செங்கோட்டைப் பக்கம். 1956 வரைக்கும் அந்தப் பக்கம் திருவிதாங்கூர்ச் சீமையோட இருந்தது. அதுனால பழைய வீடுகள்ல மலையாளத்துச் சாயல் இருக்கும். ஓட்டுக்கூரை, அதுக்குக் கீழ மரப்பலகை பாவுன மச்சு. ஆச்சி வீட்டைப் பிரிச்சப்ப அந்த மச்சுப் பலகையெல்லாம் விக்க மனசில்லாம அப்பா எங்க தொழுவத்துல அடுக்கி வெச்சிருந்தார். மாடு போயி, அப்பாவும் போயி, பலகை மட்டும் இருந்துச்சு.

ஆசாரி அண்ணாச்சி வந்து ஒரு பலகையை நகத்தால கீறிப் பாத்தார், மோந்து பாத்தார். "தம்பி, இது அயினி"ன்னார்.

அயினிங்கிறது பலாவோட தாயாதி. மலையாளத்துல ஆஞ்ஞிலி. கேரளாவுல பாம்புப் படகு செய்றாங்களே, சுண்டன் வள்ளம், அது இந்த மரத்துலதான். கறையான் லேசுல தொடாது. தேக்கு அளவுக்குப் பேர் இல்லையே தவிர உழைப்புல குறைச்சல் இல்ல.

"நல்ல மரம்தான். ஆனா அடுப்படிக்கு வேண்டாம். உங்க அம்மா வெள்ளிக்கிழமை ரெண்டு வாளி ஊத்துவாவ. அதுக்கப்புறம் என்னையக் கூப்புடாதீங்க"ன்னார்.

எனக்கோ வீடியோ பாத்த ஞானம். அமெரிக்காவுல இருக்கிற மச்சான் வீட்டுல அடுப்படி முழுக்க மரத்தரை. இருபது வருஷமா ஒண்ணும் ஆகல. அவன்கிட்டக் கேட்டா, "இதுல என்ன இருக்கு, இங்க எல்லா வீட்லயும் அப்படித்தான்"னான். அந்த வீடுகள்ல அடுப்படிக்குள்ள வாளித் தண்ணிங்கிற சங்கதியே கிடையாதுங்கிறது அப்போ என் மண்டையில ஏறல. அங்க துடைக்கிறாங்க. நாம கழுவுறோம். பெருசா ஒண்ணும் இல்லாத மாதிரி தெரியும், ஆனா வித்தியாசமே அங்கதான்.

அம்மாகிட்டக் கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, "வள்ளம் செய்யுத மரம்ங்க. தண்ணி பட்டா என்ன ஆயிரும்?"னாங்க. எனக்கும் சரியாத்தான் பட்டுச்சு. ஆசாரி அண்ணாச்சி மட்டும் தலையைச் சொறிஞ்சார்.

மே மாசம் லீவு போட்டு வந்தேன். பலகையை எல்லாம் அறுவை மில்லுக்குக் கொண்டு போறதுக்கு முன்னால ஒரு காந்தத்தை வெச்சு இஞ்ச் இஞ்ச்சாத் தடவி ஆணி தேடினோம். பழைய மரத்துல ஆணி ஒளிஞ்சிருந்தா மில்காரரோட ரம்பம் போயிடும், அப்புறம் அவர் நம்மளை உள்ளயே விடமாட்டார். ஆறு இஞ்ச், ஏழு இஞ்ச் அகலப் பலகை. உளுத்துப்போன நாலைக் கழிச்சோம்.

டைல்ஸை ஒடைச்சு எடுத்தோம். கீழ சிமெண்ட் தளம். அதுக்கு மேல சட்டம் அடிச்சு, சட்டத்து மேல பலகை. அண்ணாச்சி சொன்னார், "பலகையை அடுப்படிக்குள்ளயே அடுக்கி ஒரு மாசமாவது கெடக்கட்டும். இந்த ரூம் காத்துக்குப் பழகட்டும். அகலப் பலகை வேண்டாம், மூணு இஞ்ச்சாக் கிழிச்சுருவோம். ஓரத்துல அரை இஞ்ச் விடுவோம்."

எனக்கு லீவே பத்து நாள்தான். அகலப் பலகைதான் பாக்க அழகு. ஓரத்துல இடுக்கு விட்டா கரப்பான் வரும். இப்பிடி மூணுக்கும் மூணு பதில் வெச்சிருந்தேன். சொல்றவர் அனுபவஸ்தர், கேக்கறவன் வீடியோ பாத்தவன், காசு கொடுக்கிறவனும் நானே. என்னத்தச் சொல்ல, நான்தான் ஜெயிச்சேன். சுவருக்குச் சுவர் இறுக்கி அடிச்சோம். மேல ஆளி விதை எண்ணெய் ரெண்டு கை தேய்ச்சேன். தேன் கலர்ல மின்னுச்சு பாருங்க, தரையிலயே படுத்துத் தூங்கலாம் போல இருந்துச்சு. தூங்கவும் செஞ்சேன் :-)

இங்க ஒரு எச்சரிக்கை. எண்ணெய் தேய்ச்ச துணியை எல்லாம் சுருட்டி பின்கட்டுல ஒரு பிளாஸ்டிக் வாளியில போட்டு வெச்சிருந்தேன். சாயங்காலம் வாளியைத் தூக்கினா அடியில சுடுது! ஆளி விதை எண்ணெய் காயறப்ப காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து சூடு விடும். தரையில மெல்லிசாப் பரவியிருந்தா அந்தச் சூடு போயிடும். துணிப் பந்துக்குள்ள மாட்டிக்கிட்டா ஏறிக்கிட்டே போயி தானாவே தீப்பிடிக்கும். நெருப்பே வேண்டாம். அந்தத் துணியை ஒண்ணு விரிச்சுக் கொடியில காயப் போடணும், இல்லேன்னா தண்ணியில முக்கி வைக்கணும். வீட்டுக்குப் பின்னால வைக்கோல் படப்பு இருக்கிற ஊர்ல இதைத் தெரியாம செஞ்சிருக்கேன். இன்னும் நினைச்சா வயித்தைக் கலக்குது.

அம்மா ஊருக்கு வந்தாங்க. நான் சென்னைக்குப் போனேன். ஜூன் முதல் வாரம் சாரல் விழ ஆரம்பிச்சுது. மூணாவது வாரம் அம்மா போன் பண்ணாங்க.

"எய்யா, தரை நடுவுல எந்திரிச்சுட்டு."

"எந்திரிச்சுட்டுன்னா?"

"திருமலை மாதிரி நிக்கி. வந்து பாரு."

போய்ப் பாத்தேன். நடு அடுப்படியில நாலு பலகை கூரை மாதிரி முகடு கட்டி நிக்குது. அடியில கை விடலாம். சட்டத்துல அடிச்ச ஆணியெல்லாம் புடுங்கிக்கிட்டு வந்திருக்கு. மீதிப் பலகைங்க ஒவ்வொண்ணும் ஓரம் தூக்கி ஓடை மாதிரி குழிஞ்சிருக்கு. எண்ணெய் தேய்ச்ச மேல்பக்கத்துல கறுப்பு கறுப்பாப் பூசணம் வேற. டைல்ஸ்ல வழுக்குறதுக்குப் பயந்து மரம் போட்டா, இப்போ தடுக்கி விழுறதுக்கு ஒரு மலையையே கட்டிக் கொடுத்திருக்கேன்.

அண்ணன் போன்ல ஒண்ணும் திட்டல. "இப்பவாவது அம்மாவை இங்க அனுப்பு"ன்னான். அதுதான் அதிகமா வலிச்சுது.

ஆசாரி அண்ணாச்சி வந்தார். "நான் அப்பவே சொன்னேன்"னு ஒரு வார்த்தை சொல்லல. ஒரு பலகையைப் புடுங்கித் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பாத்தார். மேல எண்ணெய், அடியில பச்சை மரம். அடியில இருந்து ஈரம் குடிச்சிருக்கு. ஒரு முகம் குடிச்சு இன்னொரு முகம் குடிக்கலைன்னா பலகை குழியத்தான் செய்யும்னார்.

அப்புறம் அவர் போட்ட கணக்கை நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். மரம் நீளவாக்குல அனேகமா நீளாது. அகலவாக்குலதான் விரியும். ஒரு ஈரமானி வாங்கி வெச்சுப் பாத்தேன். மே மாசம் பலகை அடுக்குனப்ப 10 சதவீதம் இருந்த ஈரம் ஜூலையில 16. அந்த ஆறு சதவீத ஈரத்துக்குப் பலகை அகலத்துல ஒரு சதவீதம் விரிஞ்சதுன்னே வெச்சுக்கங்க. எங்க அடுப்படி அகலம் 10 அடி, அதாவது 120 இஞ்ச். ஒரு சதவீதம்னா ஒண்ணேகால் இஞ்ச் கிட்ட. சுவர் நகருமா? நகராது. அப்போ பலகை மேலதான் போகணும். போச்சு.

அதையே மூணு இஞ்ச் பலகையாப் போட்டா நாப்பது பலகை. ஒவ்வொரு இடுக்குலயும் கால் நூல் விட்டாப் போதும், கண்ணுக்கே தெரியாது. அந்த ஒண்ணேகால் இஞ்ச்சும் அதுலயே கரைஞ்சிடும். ஓரத்து அரை இஞ்ச் மேல சுவரடிப் பட்டை மூடிக்கும். ஒரு பெரிய விரிசலை நாப்பதாப் பங்கு போடுறதுதான் வித்தைன்னார்.

"அப்பொ வள்ளம் எப்பிடி நிக்கி?"ன்னு அம்மா விடல. பக்கத்துல ஒக்காந்து வெண்டிக்காய் நறுக்கிக்கிட்டே கேட்டாங்க.

"வள்ளம் எப்பவும் தண்ணியிலயே கெடக்கும் மதினி. அது உப்புனது உப்புனபடி இருக்கும். தரை அப்பிடியா? நீங்க இன்னிக்கு ஊத்துவிய, நாளைக்குக் காயும். மறுபடி ஊத்துவிய, மறுபடி காயும். மேல ஊத்துன தண்ணி இடுக்கு வழியா அடியில போனா வெளிய வாரதுக்கு வழி கெடையாது. நனைஞ்சா மரம் கெட்டுப் போவாது. நனைஞ்சதுக்கு அப்புறம் காய விடாட்டாத்தான் கெட்டுப் போவும்."

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அரிவாள்மணையை மடக்கி வெச்சுட்டு, "அந்தக் காலத்துல தண்ணிக்கு அங்கணம்னு ஒரு இடம் இருந்துச்சு. நீதான மூடுன"ன்னாங்க.

கோவமாச் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

யோசிச்சுப் பாத்தா அது எவ்வளவு சரியான ஏற்பாடு. பழைய வீடுகள்ல மரம் எல்லாம் மேல இருக்கும், மச்சுல. ஈரம் எல்லாம் கீழ, கல்லுல. தண்ணி புழங்க ஒரு மூலை, மீதி இடம் காஞ்சு கெடக்கும். நான் அந்த மூலையை எடுத்துட்டு, அடுப்படி மொத்தத்தையும் அங்கணமா ஆக்கிட்டேன். அம்மா வழுக்கி விழுந்ததுக்கு டைல்ஸ் பாதிக் காரணம்னா, மூடுன அங்கணம் மீதிப் பாதி.

அப்புறம் அவசரமே படல. ஆறு மாசம் அம்மா வெறும் சிமெண்ட் தளத்துலயே சமைச்சாங்க. "இதுவே நல்லாத்தான இருக்கு"ன்னு நடுவுல ரெண்டு தடவை சொன்னாங்க. பலகை எல்லாம் மூணு இஞ்ச்சாக் கிழிச்சு, நடுவுல குச்சி வெச்சு, பட்டாசாலையில அடுக்கிக் கெடந்துச்சு. ஐப்பசி மழையும் பாத்துச்சு, மார்கழிப் பனியும் பாத்துச்சு.

தை மாசம் வேலையை ஆரம்பிச்சோம். முதல்ல அங்கணம். சிங்குக்கு முன்னால நாலடிக்கு மூணடி, கொத்துன கல்லு, மெருகு போடாதது. மரத்தரையை விட அரை இஞ்ச் பள்ளம், துவாரத்தைப் பாத்து வாட்டம். அம்மா ஒரு சொம்புத் தண்ணியை ஊத்திப் பாத்துட்டு, மூலையில கொஞ்சம் தேங்குதுன்னு கொத்தனாரைத் திரும்பச் செய்ய வெச்சாங்க.

அடுத்தது தளம் காஞ்சிருக்கான்னு சோதனை. ஒரு அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டைத் தளத்துல வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டோம். அடியில முத்து முத்தா வேர்த்திருந்தா தளத்துல ஈரம் இருக்குன்னு அர்த்தம். ஒரு மூலையில இருந்துச்சு. வெளிச்சுவர்ல தண்ணிக் குழாய் கசிவு. அதைச் சரி பண்ணி, கறையான் மருந்து அடிச்சு, தளம் முழுக்கக் கெட்டி பாலித்தீன் ஷீட் விரிச்சு, அதுக்கு மேல சட்டம். சட்டத்துக்கும் பலகையோட அடிப்பக்கத்துக்கும் அண்ணாச்சி முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார். தோணிக்குப் பூசுற அதே எண்ணெய். கையில பட்டா தோல் வெந்து போகும், கையுறை இல்லாம தொடாதீங்க. நாத்தம் பத்து நாளைக்குப் போகாது. சுவரடிப் பட்டையில நாலு இடத்துல துளை போட்டு வலை அடிச்சார், அடியில காத்து ஓடணுமாம்.

பலகையை இழைக்கிறப்பதான் அது தெரிஞ்சுது. ஒரு பலகையோட ஓரத்துல கத்தியால கீறுன கோடுங்க. நாலு கோடு, குறுக்க ஒண்ணு. மறுபடி நாலு கோடு, குறுக்க ஒண்ணு. அம்மா விரலால தடவிப் பாத்தாங்க. தாத்தா மச்சுல ஏத்துன நெல்லு மூட்டைக் கணக்கு. "அப்பா கை"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. அண்ணாச்சி அந்தப் பலகையில மட்டும் இழைப்புளி வைக்காம உப்புத்தாளை வெச்சு லேசாத் தேய்ச்சார். இப்போ அது ஜன்னல் பக்கம் இருக்கு.

மேல்பூச்சுக்கு இந்தத் தடவை பியூ, அதாவது பாலியூரித்தேன். ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது. எண்ணெய் பூசுனா மரத்தோட அழகு தெரியும், கீறல் விழுந்தா அந்த இடத்துல மட்டும் தேய்ச்சுக்கலாம். ஆனா எங்க ஊர் சாரலுக்கு அது பூசணத்துக்குச் சாப்பாடு. பியூ மேல ஒரு தோல் மாதிரி உக்காந்துக்கும். சாரல் நேரத்துல அதை அடிக்கக் கூடாது, ஈரக்காத்து சேர்ந்தா குமிழ் குமிழா வரும். தை, மாசி வெயில்தான் தோது. 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120, அப்புறம் 180. தூசியை வெள்ளைத் துணியால துடைச்சு, மெல்லிசா மூணு கை. ஒவ்வொரு கைக்கும் நடுவுல லேசா ஒரு தேய்ப்பு. தடிமனா ஒரே கையா அடிக்கணும்னு ஆசை வரும். அடிச்சா மேல காஞ்சு உள்ள பிசுபிசுன்னு நிக்கும். மூக்குல முகமூடி, ஜன்னல் திறந்து, அடுப்பு அணைச்சு வெச்சுச் செய்யணும். மூணு நாள் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா சமையல்.

முக்கியமா பலகையோட நுனி. மரம் தண்ணி குடிக்கிறது முகத்துல இல்ல, நுனியிலதான். ஒரு கட்டு ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும். அங்கணத்தை ஒட்டி வர்ற நுனிங்களுக்கு மட்டும் அண்ணாச்சி அஞ்சு கை அடிச்சார். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவுல இழுபடுற சிலிகான். அங்க சிமெண்ட் வெச்சா முதல் சாரல்லயே விட்டுரும்.

ஜூன் வந்துச்சு. நான் லீவு போட்டுட்டு வந்து ஒக்காந்திருந்தேன், பரீட்சை ரிசல்ட் பாக்க வந்த மாதிரி. மேக்கரைப் பக்கம் மேகம் இறங்குச்சு. முதல் வாரம், ரெண்டாவது வாரம். பலகை இடுக்குல முன்னால ஒரு விசிட்டிங் கார்டு நுழையும், இப்போ நுழையல. அவ்வளவுதான். தரை தரையாவே இருந்துச்சு. காலையில வெறுங்காலோட போய் நின்னேன். குளுரவும் இல்ல, வேர்க்கவும் இல்ல.

இப்போ ரெண்டு சாரல் முடிஞ்சாச்சு. எல்லாம் சுபம்னு சொன்னா பொய். ரசச் சட்டியை எறக்கி வெச்ச இடத்துல ஒரு கறுப்பு வட்டம் இருக்கு. அம்மா அதை ஒரு சாக்கால மூடி வெச்சிருக்காங்க, நான் பாக்கலைன்னு நினைப்பு. அடுப்பு முன்னால பூச்சு மங்கிப் போச்சு. தண்ணிச் சொட்டு வெச்சுப் பாத்தேன். முத்தா நின்னா சரி, அஞ்சு நிமிஷத்துல மரம் கறுத்தா பூச்சு போச்சுன்னு அர்த்தம். கறுத்துச்சு. வர்ற தை மாசம் அந்த இடத்துக்கு இன்னொரு கை அடிக்கணும். வெள்ளிக்கிழமை கழுவல் நிக்கல. அங்கணத்துல ரெண்டு வாளி ஊத்தி ஆசை தீரக் கழுவுறாங்க. மரத்தை ஈரத்துணியைப் பிழிஞ்சு துடைக்கிறாங்க. "துடைக்கிறது கழுவுன மாதிரி ஆவுமா"ன்னு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு முறை சொல்லிட்டுத்தான் துடைக்கிறாங்க.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அம்மா அந்தக் கோடு போட்ட பலகைக்குப் பக்கத்துல அரிவாள்மணையைப் போட்டுத் தரையில ஒக்காந்து காய் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க. டைல்ஸ் போட்டதுல இருந்து தரையில ஒக்காந்து நான் பாத்ததில்ல, மேடையிலதான் நின்னு நறுக்குவாங்க. ஏன் இத்தனை வருஷம் ஒக்காரலைன்னு கேட்டேன்.

"குளுரும்லா. உனக்கு எப்பிடித் தெரியும், நீ வந்தா ஹால்ல இருப்ப"ன்னாங்க.

அண்ணன் இப்பவும் போன்ல, "அம்மா எப்போ வர்றாங்க"ன்னு கேக்கிறான். அம்மா, "தை மாசம் தரைக்குப் பூச்சு அடிக்கணும், அது முடியட்டும்"ங்கிறாங்க.

பி.கு: கேக்கப் போறவங்களுக்காக. அடுப்படியில மரம் போடலாமான்னா, முதல்ல உங்க வீட்டுத் தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க. அதுக்கு ஒரு இடம் ஒதுக்குங்க. அதுக்கப்புறம் மரம் வாங்குங்க. ஆசாரி ஒரு மாசம் கெடக்கட்டும்னு சொன்னா, லீவு இல்லேன்னு சொல்லாதீங்க.